மலைச்சாலை வண்டிகளில் சூடேறும் போல்ட்டுகளைக் கழலாமல் பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. ஏற்றத்தில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கிக்கொண்டு போகும்போது சைலன்சர் பக்கம் வேகும். இறக்கத்தில் பிரேக் டிஸ்க் வேகும். நடுவே ஒரு மழை வந்தால் கொதிக்கும் இரும்பின் மேல் குளிர்ந்த நீர் தெறிக்கும். சமவெளியில் ஒரு மாதத்தில் நடக்கும் சூடேறல், குளிர்தலை எல்லாம் நீலகிரி வண்டி ஒரே நாளில் பார்த்துவிடும்.

அதனால்தான் இங்கே சைலன்சர் தாங்கி போல்ட், சூட்டுத் தகடு, பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) நட் எல்லாம் அடிக்கடி கழல்கின்றன. கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும் பிக்கப்பிலிருந்து சைலன்சர் தொங்கி ரோட்டில் உரசினால் பின்னால் வரும் பைக்காரருக்கு ஆபத்து. டிஸ்க் போல்ட் கழன்றால் அந்தச் சாலையில் உயிருக்கே ஆபத்து. இதற்கு மருந்தாகப் பட்டறைகளில் கை போவது திரெட்லாக்கர் பாட்டிலுக்கு, அதாவது மரையில் பூசி போல்ட்டைக் கழலாமல் பிடிக்கவைக்கும் பசைக்கு. பேச்சுவழக்கில் எந்தக் கம்பெனியுடையதானாலும் அது லாக்டைட்தான். நல்ல பொருள். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே நீலப் பாட்டில் என்று போட்டுக்கொண்டே போவதுதான் தவறு. எந்த மூட்டு எவ்வளவு சூடாகும் என்று தெரிந்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். சில மூட்டுகளுக்குப் பாட்டிலே வேண்டாம் என்பதும் அப்போதுதான் தெரியும்.

போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது

இறுக்கிய போல்ட் லேசாக நீண்டு, ஸ்பிரிங் போல இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடிதான் எல்லாம். பாகங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று நழுவ ஆரம்பித்தால் மரையின் உராய்வு விட்டுப்போய், போல்ட் தானே திரும்பத் தொடங்கும். 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனை இயந்திரத்தில் வைத்துக் காட்டினார். மேலும் கீழுமான அதிர்வைவிடக் குறுக்கு அசைவுதான் போல்ட்டைக் கழற்றுகிறது என்பது அதில் தெளிவானது. நம் ஊரில் எல்லோரும் நம்பும் ஸ்பிரிங் வாஷர் இந்த வகைச் சோதனைகளில் பெரிதாக உதவுவதில்லை. முழுதாக இறுகியதும் அது தட்டையாகி, சாதாரண வாஷராகிவிடுகிறது.

இதோடு சூடும் சேர்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் இரும்பு ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள போல்ட்), அதில் ஃபிளேஞ்ச் (பைப் வாயிலுள்ள தட்டு விளிம்பு), நடுவே நசுங்கும் கேஸ்கெட் (புகை கசியாமல் அடைக்கும் வளையம்) என்று இருந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அந்த மூட்டு மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். கேஸ்கெட் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே போகும், பிடி குறையும்.

முதல் வேலை: சூட்டை அளப்பது

கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் பளபளக்கும் குரோம் பைப்பின் மேல் அதைக் காட்டினால் உண்மைச் சூட்டைவிட மிகவும் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும் என்பதால் வரும் பிழை இது. அளக்க வேண்டிய இடத்தில் சூடு தாங்கும் கறுப்பு பெயிண்டை ஒரு பொட்டு வைத்து, காய்ந்தபின் அந்தப் பொட்டைக் குறிவைத்து அளங்கள்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். வீட்டு வாசலில் ஐடிலில் ஓடவிட்டு அளந்து பயனில்லை. சைலன்சர் பக்கம் என்றால் நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்திய உடனே. பிரேக் என்றால் இறக்கம் முடிந்த உடனே. வண்டியை ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பமானி இல்லாவிட்டாலும் ஸ்டெயின்லெஸ் பைப்பின் நிறம் பேசும். வைக்கோல் மஞ்சளாகியிருந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைப் பார்த்திருக்கிறது. நீலமாகியிருந்தால் 500ஐத் தாண்டியிருக்கிறது. நீலம் தெரியும் இடத்துக்கு அருகிலுள்ள எந்த நட்டுக்கும் பாட்டில் பசையை நம்பாதீர்கள்.

எந்தச் சூட்டுக்கு எது

வழக்கமான நீல திரெட்லாக்கர் நடுத்தரப் பலம் உடையது, சாதாரண ஸ்பானரிலேயே கழற்றலாம். லாக்டைட் 243 என்ற வகை 180 டிகிரி வரை தாங்கும்; மரையில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பிடிக்கும். அதன் மூத்த உருப்படியான 242க்கு 150 டிகிரிதான் எல்லை. சிவப்பு என்றாலே அதிகச் சூடு தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு நிறம் பலத்தைத்தான் சொல்கிறது, சூட்டைச் சொல்வதில்லை. 271 சிவப்புதான், ஆனால் நீல 243ஐவிட அதிகச் சூட்டைத் தாங்காது. 272ம் சிவப்புதான், அது சூட்டுக்கென்றே செய்யப்பட்டது, 230 டிகிரி வரை போகும். அதற்கும் மேலே 340 டிகிரி வரை தாங்கும் வகைகளும் உண்டு, 2620 அப்படிப்பட்டது. விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது. பாட்டிலின் நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

இந்த எல்லைக்கு அருகில் போகும்போதே பசையின் பலம் பாதியும் அதற்குக் கீழுமாகக் குறைய ஆரம்பித்துவிடும். ஆகவே அளந்த சூட்டுக்கும் பாட்டிலில் போட்ட எல்லைக்கும் இடையே 40, 50 டிகிரியாவது இடைவெளி வைத்துத் தேர்ந்தெடுப்பேன்.

இவற்றைத் தாண்டி, சிலிகேட் அடிப்படையிலான பீங்கான் வகைப் பூட்டுப்பொருள் ஒன்று இருக்கிறது. இது 1,000 டிகிரி வரை தாங்கும். வெளிநாடுகளில் துப்பாக்கிக் குழலின் முகப்பில் மாட்டும் பாகங்களுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே சாதாரண திரெட்லாக்கர் கருகிவிடும். இது இறுகுவது நீர் உலர்வதால். கழற்ற வேண்டுமானால் தண்ணீரில் ஊறவைப்பார்கள். இந்த ஒரு குணத்தாலேயே தென்மேற்குப் பருவமழையில் நனையும் கூடலூர் வண்டியின் சைலன்சர் மூட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மழை படாத உள் மூட்டுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

வண்டியில் இதைப் பொருத்திப் பார்ப்போம். சைலன்சரின் பின்பக்கத் தாங்கி போல்ட்டுக்கு நீல 243 போதும். சூட்டுத் தகட்டின் சிறு ஸ்க்ரூக்களுக்கு அளந்து பார்த்து 272 அல்லது 340 டிகிரி வகை. டிஸ்க்கை ஹப்போடு பிடிக்கும் போல்ட்டுக்கு, கம்பெனி மேனுவல் சொல்லும் வகை. பெரும்பாலும் நடுத்தரப் பலம். பிரேக் பேட் உரசும் வளையம் கடும் சூடானாலும் போல்ட் இருக்கும் நடுப்பகுதி அதைவிட நிறையக் குளிர்ச்சியாகவே இருக்கும். பெண்ட் பைப் ஸ்டட்டுக்கு எந்தத் திரவமும் வேண்டாம். அதைத் தனியாகப் பார்ப்போம்.

சக்கர நட், ஸ்பார்க் பிளக், ஆயில் வடிக்கும் பிளக், பிரேக் ஹோஸின் பான்ஜோ போல்ட் (நடுவே பிரேக் ஆயில் போகும் துளையுள்ளது), ஆக்சிஜன் சென்சார்: இவற்றில் ஒருபோதும் திரெட்லாக்கர் போடாதீர்கள்.

பூசும் முறை

திரெட்லாக்கர் காற்றில் காய்வதில்லை. காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இறுகும். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கிய பொருள் இது. இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானே விளங்கும்.

முதலில் பழையதை எடுங்கள். மரையில் ஒட்டியிருக்கும் பழைய பசைத் தூள், துரு, தேயிலைத் தோட்டச் சாலையின் செம்மண் எல்லாம் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். உள் மரைக்கு, மரையைப் புதிதாக வெட்டும் டேப்பைவிட, இருக்கும் மரையைச் சுத்தம் செய்யும் சேஸர் நல்லது. அலுமினியத்தில் டேப்பை அழுத்தி ஓட்டினால் மரை மெலிந்துவிடும்.

பிறகு பிரேக் கிளீனரோ அசிட்டோனோ அடித்து எண்ணெயை நீக்குங்கள். 243 எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், சூடாகும் இடத்தில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளீனர் முழுதாகக் காயும்வரை காத்திருங்கள். அது ஈரமாக இருக்கும்போது ஹீட் கன் பிடித்தால் சில வகைகள் தீப்பிடிக்கும். குளோரின் கலந்த வகைகள் சூட்டில் நச்சுவாயு விடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நம் மலைக்கே உரிய படி. பாட்டிலில் எழுதியிருக்கும் 24 மணி நேரக் கணக்கு, சுமார் 22 டிகிரி அறைக்கு. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் இரவுகளில் பட்டறைத் தரையே பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். 5 டிகிரியில் இந்த வேதிவினை மிகவும் மந்தமாகிவிடும். ஒரு நாளில் வர வேண்டிய பலம் வராது. போதாததற்குக் குளிர்ந்த இரும்பின் மேல் மூடுபனி வியர்த்து நிற்கும். அதனால் பசை போடும் முன் போல்ட்டையும் துளையைச் சுற்றிய பாகத்தையும் ஹீட் கன்னால் கை தாங்கும் வெதுவெதுப்புக்குக் கொண்டுவாருங்கள். 30 முதல் 40 டிகிரி போதும். ஈரமும் போய்விடும், இறுகுதலும் வேகமாகும். பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், எரிபொருள் குழாய் அருகில் ஹீட் கன் வேண்டாம். அங்கே போல்ட்டைத் தனியே கழற்றிச் சூடாக்குங்கள்.

ஸ்டெயின்லெஸ், குரோம் அல்லது துத்தநாகம் பூசிய போல்ட்டுகள் மந்தமானவை; பசையை இறுகத் தூண்டும் இரும்பு, செம்பு அயனிகள் அவற்றின் மேல்பரப்பில் குறைவு. அவற்றுக்கு ஆக்டிவேட்டர் ஸ்பிரே ஒரு மெல்லிய படலம் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் பசை போடுங்கள். குளிர்காலத்தில் சாதாரண இரும்பு போல்ட்டுக்கும் இது உதவும்.

பசை எவ்வளவு? 8 எம்எம் போல்ட்டுக்கு ஓரிரு சொட்டு. மரை சேரும் நீளத்தில் மட்டும் சுற்றிவரப் படர வேண்டும், நுனியிலோ தலைக்கடியிலோ குளம் கட்டக்கூடாது. ஊடுருவும் துளையானால் போல்ட்டின் மேல் போடுங்கள். அடி மூடிய துளையானால் சொட்டைத் துளையின் உள்ளே விடுங்கள். போல்ட்டில் மட்டும் போட்டால், உள்ளே அடைபட்ட காற்று போல்ட் இறங்க இறங்கப் பசையை வெளியே தள்ளிவிடும். டிஸ்க் போல்ட் வேலையில் பலர் தவறவிடும் இடம் இதுதான்.

உடனே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சாதாரண 8.8 தர 8 எம்எம் இரும்பு போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும், 6 எம்எம்முக்கு 10 அளவில். ஆனால் அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுக்கு இது மாறும் என்பதால் மேனுவலே முடிவு. ஈரமான பசை மரையை வழுக்கலாக்கும். அதனால் கைக்கணக்கில் இறுக்குபவர் தெரியாமல் கூடுதலாக இறுக்கி மரையை நாசமாக்கிவிடுவார். டிஸ்க்கானால் குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று சுற்றில் சமமாக இறுக்க வேண்டும். புதிய வண்டிகளில் டிஸ்க் போல்ட்டுகள் பசை பூசியே வரும். கழற்றினால் புதிதாக மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

"அண்ணா, லாக்டைட் போட்டு ஒரு நாளாச்சு, தலைக்கடியில இன்னும் ஈரமாவே இருக்கே, பிடிக்கலையோ?" என்று வண்டிக்காரர்கள் கேட்பார்கள். வெளியே வழிந்தது காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அது எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது இறுகியிருக்கும். வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள், அவ்வளவே. டிஸ்க்கின் உரசும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடிகளின் மேல் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் வெடிப்பு விடும், அதையும் பாருங்கள். கையுறை போடுங்கள், திரும்பத் திரும்ப தோலில் பட்டால் ஒவ்வாமை வரும்.

பிறகு காத்திருப்பு. வெதுவெதுப்பான அறையில் 24 மணி நேரம். குளிர்காலத்தில் இரண்டு நாள் விட்டுவிடுவது நல்லது. முடியாதென்றால் அந்த இடத்தை அவ்வப்போது மெல்லச் சூடாக்குங்கள். சாயங்காலம் பூசிவிட்டு விடியற்காலையில் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்கும் வேலைக்கு இந்தப் பசை ஒத்துவராது. இறுகிய பிறகு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஸ்பானர் வைத்து இன்னொரு முறை அழுத்தாதீர்கள். கால் திருப்பு திரும்பினாலும் உள்ளே பசை உடைந்தது. கழற்றி, சுத்தம் செய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரிபார்க்க ஸ்பானர் தேவையில்லை. போல்ட் தலையிலிருந்து பக்கத்துப் பாகம்வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போட்டுவிடுங்கள். பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது குனிந்து பார்த்தால் போதும். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

பெண்ட் பைப், மேனிஃபோல்டு ஸ்டட்

இங்கே உள்ளே போகும் புகை ஏற்றத்தில் 600, 700 டிகிரியைத் தொடும். எந்தத் திரவப் பசையும் கருகித் தூளாகும். நைலான் வளையம் வைத்த நட்டும் வேண்டாம், 120 டிகிரிக்கு மேல் நைலான் இளகிவிடும். இங்கே இயந்திர முறைப் பூட்டுதான் வழி.

செம்பு முலாம் பூசிய, வாய் சற்று நசுக்கப்பட்ட முழு உலோக லாக் நட் கிடைத்தால் அதுவே சிறந்தது. பழைய ஜீப்புகளில் பித்தளை நட் போடுவார்கள். அதற்கும் காரணம் உண்டு. பித்தளை இரும்பு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது, அடுத்த முறை ஸ்டட் முறியாமல் கழலும். காது மடக்கும் தகட்டு வாஷர், பல் வைத்த இரட்டை வெட்ஜ் வாஷர் ஆகியவையும் சூட்டில் வேலை செய்யும். இரண்டு நட் போட்டுப் பூட்டுவதானால் மெல்லிய நட் கீழே, தடித்த நட் மேலே. பெரும்பாலான பட்டறைகளில் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

ஸ்டட்டின் மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பூட்டும் இடத்தில் வழுக்கும் பொருளா என்று தோன்றும். அங்கே கழலாமல் பார்த்துக்கொள்வது நட்டின் வடிவம். ஆன்டி-சீஸ் துருவைத் தடுக்கிறது. புதிய கேஸ்கெட் கட்டாயம் போடுங்கள். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஃபிளேஞ்ச் சாய்ந்து, கேஸ்கெட் ஒரு பக்கம் புகை விடும். சைலன்சரின் பின்தாங்கியைத் தளர்வாக விட்டு, முன்னே ஃபிளேஞ்ச் உட்கார்ந்த பிறகுதான் பின்தாங்கியை இறுக்க வேண்டும். முதலில் பின்னால் இறுக்கிவிட்டால் பைப் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டட் ஒரு நாள் முறியும்.

பசை போட்ட மூட்டுக்கு நேர் எதிரான விதி இங்கே. ஒரு ஏற்றம் ஏறி, வண்டி முழுதாக ஆறிய பிறகு நட்டை மறுபடி டார்க் பார்த்து இறுக்க வேண்டும். கேஸ்கெட் படிந்ததால் விட்டுப்போன பிடியை அது மீட்டுத் தரும்.

கழற்றும்போது

நீலம் சாதாரண ஸ்பானருக்கே வந்துவிடும். சிவப்பு வராவிட்டால் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதிக்காதீர்கள், போல்ட் தலை முறியும். ஹீட் கன்னால் போல்ட்டை மட்டும் 250 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், சூடாக இருக்கும்போதே திருப்புங்கள். ஆறவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். 340 டிகிரி வகைக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். பக்கத்தில் ஆயில் சீல், பேரிங், வயர் இருந்தால் ஈரத் துணியால் மறையுங்கள்.

துருப்பிடித்த பெண்ட் பைப் ஸ்டட்டுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். நட்டைச் சூடாக்குவதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். கால் திருப்பு முன்னே, கொஞ்சம் பின்னே என்று பொறுமையாக ஆட்டி எடுங்கள். முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுத்து ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) வைக்கும் செலவோடு பார்த்தால் ஒரு ராத்திரி ஊறவைப்பது ஒன்றுமே இல்லை.

பாட்டில்

புதுப் பாட்டிலைத் திறந்தால் பாதிதான் நிரம்பியிருக்கும். ஏமாற்றில்லை, உள்ளே காற்று இருந்தால்தான் பசை திரவமாகவே இருக்கும். போல்ட்டை பாட்டிலுக்குள் முக்காதீர்கள், பாட்டில் வாயை உலோகத்தில் தேய்க்காதீர்கள், வழிந்ததைத் திரும்ப உள்ளே ஊற்றாதீர்கள். உள்ளே போகும் உலோகத் துகள் முழுப் பாட்டிலையும் கெட்டியாக்கிவிடும். வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள். மலைக் கடைகளில் சூடு தாங்கும் வகை அவ்வளவாக விற்பதில்லை, அலமாரியில் நெடுநாள் கிடந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய போல்ட்டிலும் நட்டிலும் பூசி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்துத் திருப்பிப் பாருங்கள். எதிர்ப்பு இல்லாமல் சுழன்றால் அந்தப் பாட்டிலை வண்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.